எதிர்க்கரை ஒன்றரை கிலோமீட்டர்தான்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்நாடகத்தில் ஷராவதி ஆற்றின் அணைநீருக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பேர், நான்கு கனூ, அதாவது படகுக்கு இருவர் துடுப்புப் போடும் ஒல்லியான படகுகள். எதிர்க்கரையில் எங்கள் முகாமின் நீலத் தார்ப்பாய் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் தண்ணீர், அதன் மேல் அங்கங்கே வெள்ளை நுரை. மறுநாள் காலை பெங்களூரில் முக்கியமான மீட்டிங் வைத்திருந்த ஆபீஸ் நண்பர் மூன்று முறை கேட்டார், "ஒன்றரை கிலோமீட்டர்தானே, அரை மணி நேரம் இழுத்துப் போட்டா போயிடலாமே?" மூன்று முறையும் வேண்டாம் என்றேன். திரும்பி வந்த பிறகு எங்கள் அபார்ட்மென்ட்டில் பலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள், ரொம்பப் பயந்துவிட்டீர்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன்.

பயந்தேன், ஆமாம். பதினோரு வருடத்துக்கு முன்னால் வேறு ஒரு நீர்த்தேக்கத்தில் நானே புதியவனாக ஒரு குழுவோடு போயிருந்தேன். கூட்டிப் போனவர் நல்ல துடுப்பாளர், தண்ணீரில் பலசாலி. மதியம் இரண்டு மணிக்கு நடு ஏரியில் காற்று கிளம்பியது, அவர் முன்னால் போய்விட்டார், நானும் என்னோடு இருந்தவரும் பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்ந்தோம். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் மிதந்தோம். விசில் இல்லை. கத்தினால் காற்று எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடுகிறது. கடைசியில் பரிசலில் வந்த ஒரு மீனவர்தான் எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். அன்று எனக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தது, ஆனால் அது ஒரு சைஸ் பெரியது, தண்ணீரில் காது வரைக்கும் ஏறிவிட்டது, ஒரு கையால் படகையும் ஒரு கையால் ஜாக்கெட்டையும் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அதனால் இந்த முறை நானே ஆறு புதியவர்களைக் கூட்டிப் போகிறேன் என்று ஆனவுடன் இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்தேன்.

குழுவைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து பிளாக் அக்கா, நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அவர் மகன், கல்லூரி முதல் வருடம். ஒரு தம்பதி. ஆபீஸ் நண்பர், அவர் தம்பி. அனுபவம் உள்ளவர்கள் நானும் ஒரு தோழியும் மட்டும். எங்கள் இருவரையும் ஒரே படகில் போடக்கூடாது என்பது முதல் முடிவு. முன்னால் போகும் படகில் நான், கடைசிப் படகில் தோழி, நடுவில் இரண்டு படகுகள். முன்படகை யாரும் தாண்டக்கூடாது, கடைசிப் படகுக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது. வேகத்தை முடிவு செய்வது மிக மெதுவாகப் போகும் படகுதான். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் தண்ணீரில் இளவட்டம் இரண்டு பேர் கையில் துடுப்பு கிடைத்தால் ஐந்தாவது நிமிடமே போட்டி ஆரம்பித்துவிடும், அதைக் கரையிலேயே கறாராகச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் முழுக்க ஞாயிறு காலைகளில் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் ஜாக்கெட்டோடு விழுந்து பழகினோம். குளத்தில் எதற்கு ஜாக்கெட் என்று செக்யூரிட்டி அண்ணன் கேட்டார். ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, இன்னொருவர் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். மூக்கு வரை ஏறினால் அந்த ஜாக்கெட் உங்களுடையது இல்லை. பல இடங்களில் வாடகைக்குக் கொடுக்கும் ஜாக்கெட்டில் பக்கிள் உடைந்திருக்கும், வாரை முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள், அதை வாங்கவே கூடாது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, ஜாக்கெட் போட்டால் போட்டோ நன்றாக வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

அக்காதான் முதலில் விழ மறுத்தார். மூன்றாவது வாரம் மகன் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், மேலே வந்தார், இருமினார், அப்புறம் "இது தூக்குதே!" என்றார். அவருக்கு வேண்டியது நீச்சல் இல்லை, அந்த ஒரு வினாடி நம்பிக்கைதான். நீரில் விழுந்தவுடன் மூச்சை இழுத்துப் பதறாமல் மல்லாந்து படுக்கத் தெரிந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி காற்று. என் தாத்தா தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குப் போனவர், அவருக்குக் காற்று என்று பொதுவாக ஒன்று கிடையாது, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நமக்கு அந்த ஞானம் போய்விட்டது. செல்போனில் காற்று நிலவரம் காட்டும் விண்டி ஆப்பைத் திறந்து எண்ணைப் பார்க்கிறோம், அதிலும் சராசரி வேகத்தை மட்டும் பார்க்கிறோம். பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணை, திடீர் வீச்சின் வேகத்தை, பார்ப்பதில்லை. படகைக் கவிழ்ப்பது அந்த வீச்சுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மணிக்கு 10 கிலோமீட்டரில் சுகமாக இருந்த படகு 20இல் ஏன் வேறு படகு மாதிரி ஆகிறது என்றால் இதனால்தான்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் மாலை நடைக்குப் போகும்போது இதை அந்தத் தம்பதிக்குக் காட்ட முயன்றேன். அன்று நல்ல காற்று, மரமெல்லாம் ஆடுகிறது, ஆனால் தண்ணீரில் சிற்றலைதான். அல்சூர் சின்ன ஏரி, நடுவில் தீவுகள் வேறு. அலை பெரிதாக வேண்டுமென்றால் காற்று மட்டும் போதாது, அது தடையில்லாமல் ஓடத் தண்ணீர்ப்பரப்பும் வேண்டும், நேரமும் வேண்டும். இதே காற்று ஷராவதியில் அடித்தால்? அங்கே தண்ணீரைத் தேக்கும் லிங்கனமக்கி அணை 1964இல் கட்டி முடித்தது, நிரம்பினால் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் விரியும். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன, சில தலையை நீட்டிக்கொண்டு, சில ஒரு சாண் அடியில். தீவுகள் எல்லாம் பழைய குன்றுகளின் உச்சிகள். அழகு அள்ளும் இடம், அங்கே காற்று ஓட நிறையவே இடம் இருக்கிறது.

காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. இரவில் நிலம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலே ஓடிக்கொண்டிருக்கும் காற்று கீழே கலக்க ஆரம்பிக்கும். அதனால்தான் பெரும்பாலான நாட்களில் விடியற்காலை ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், பத்து பதினொன்றுக்கு மேல் குணம் மாறும், சாயங்காலம் மறுபடி தணியும். புதியவர்களோடு திறந்த நீரைக் கடப்பது என்றால் விடிந்ததும் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிடு, இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இடியோடு வரும் மழைக்காற்று இருக்கிறதே, அதற்கு எந்த அட்டவணையும் இல்லை, அந்த மாதங்களில் புதியவர்களை நடு ஏரிக்கு நான் கூட்டிப் போக மாட்டேன்.

சனிக்கிழமை முழுக்கக் கரையோரமாகத்தான் துடுப்புப் போட்டோம். அலை வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட வேண்டும், உடலின் கனம் கீழே போகும், படகு உடனே அமைதியாகும். ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். பயத்தில் எல்லாரும் செய்வது, துடுப்பைத் தூக்கிவிட்டுப் படகின் விளிம்பைப் பிடிப்பது. அதுதான் கவிழ வைக்கும். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரை அது உங்களுக்கு மூன்றாவது கால். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே ஒவ்வொரு படகையும் கவிழ்த்தோம், எல்லாரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே இருக்கப் பழகினார்கள். கரை பக்கத்தில் தெரிகிறது என்று படகை விட்டுவிட்டு நீந்தப் போகக்கூடாது. தண்ணீரில் தூரம் ஏமாற்றும், மனிதத் தலை அலைக்கு நடுவில் தெரியாது, சிவப்புப் படகு தெரியும்.

சுமை வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. கனூவில் எந்த முனை லேசாக இருக்கிறதோ அதைக் காற்று தன் போக்கில் தள்ளிவிடும். எதிர்க்காற்றில் போகும்போது முன்பக்கம், தாத்தா பாஷையில் அணியம், கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், பின்காற்றில் போகும்போது பின்பக்கம் கனமாக இருக்க வேண்டும். தண்ணீர் கேன்களையும் பையையும் முன்னும் பின்னும் நகர்த்தினாலே போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் "படகு நேராகவே போக மாட்டேங்குது" என்று கைவலிக்கப் போராடுகிறார்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தண்ணீர் அசையவில்லை. முகாம் கிழக்குக் கரையில், தீவு மேற்கே. இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம், அக்கா என் படகின் முன்னால் உட்கார்ந்து ஒரே சீராகத் துடுப்புப் போட்டார், நடுவில் ஒரு முறை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எட்டரைக்குத் திரும்புவதாகத் திட்டம். அங்கேதான் நான் தவறினேன். புளியோதரை, போட்டோ, தீவைச் சுற்றி ஒரு நடை, சரி இன்னும் அரை மணி நேரம் என்று இரண்டு முறை நானே தலையாட்டினேன். காலைச் சாப்பாடு முடிந்து படகுகளைத் தண்ணீருக்குள் தள்ளும்போது ஒன்பதே முக்கால் ஆகப்போகிறது. கொண்டல் கிளம்பியிருந்தது.

கிழக்கேயிருந்து காற்று. அதாவது போகும்போது அது கிளம்பியிருந்தால் எங்களை முதுகில் தள்ளிக்கொண்டு போயிருக்கும், நாங்களும் எவ்வளவு சுலபம் என்று சந்தோஷப்பட்டிருப்போம். பின்காற்றுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. காற்று போகும் திசையில் பார்த்தால் அலைகளின் முதுகு மட்டும்தான் தெரியும், ஏரி சமாதானமாக இருக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால்தான் முகம் தெரியும். தீவின் மேற்குப் பக்கம், நாங்கள் சாப்பிட்ட இடம், காற்று மறைவு, அங்கே தண்ணீர் அப்படியே கிடந்தது. அதனால்தான் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிழக்கு முனைக்கு நடந்து போய்ப் பார்த்தபோதுதான் அலைகளின் தலையில் வெள்ளை உடைவது தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிய ஆரம்பித்தாலே காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, எங்கும் வெள்ளை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. எண்ணெல்லாம் நினைவில் வைக்க வேண்டாம். வெள்ளை தெரிந்தால் புதியவர்கள் இறங்கக்கூடாது. அவ்வளவுதான்.

நண்பர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். கணக்குப் போட்டுக் காட்டினேன். அமைதியான நீரில் நம் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம். இந்த எதிர்க்காற்றில் ஒன்றரை வந்தால் அதிகம். அப்படியானால் ஒரு மணி நேரம், ஓய்வே இல்லாமல், ஏனென்றால் ஒரு நிமிடம் துடுப்பை நிறுத்தினால் காற்று திரும்பக் கொண்டுவந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் களைத்துப் போவார், களைத்தவர் படகு பக்கவாட்டில் திரும்பும், பக்கவாட்டில் திரும்பியது அடுத்த அலையில் நிரம்பும். அவர் தம்பி சொன்னான், "ஒரு படகு கவிழ்ந்தா மத்த மூணு படகும் போய்க் காப்பாத்தலாமே."

அப்போதுதான் டிமிஸ்கமிங் பற்றிச் சொன்னேன். கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் எல்லையில் உள்ள நீளமான ஏரி. 1978 ஜூன் 11. ஒரு பள்ளியின் 27 பையன்களும் 4 பெரியவர்களும் நான்கு பெரிய கனூக்களில் கிளம்பினார்கள். காற்று எழும்பியது, ஒரு படகு கவிழ்ந்தது, உதவப் போனதில் அடுத்தடுத்து மற்றவையும் கவிழ்ந்து, மூன்று படகுகள் போயின. 12 பையன்களும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், அவர்களைக் கொன்றது குளிர்ந்த தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர் அப்படிக் குளிராது என்பது உண்மை, ஆனாலும் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை எடுத்துக்கொள்ளும், ஜனவரிக் காற்றில் ஒரு மணி நேரம் நனைந்து கிடந்தால் விரல்கள் விசிலைப் பிடிக்கக்கூடத் தடுமாறலாம். நான் அவர்களுக்குச் சொன்னது உதவியைப் பற்றி. யார் உதவப் போவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் அது நானோ தோழியோ மட்டும், யார் பக்கத்தில் இருக்கிறோமோ அவர். மற்றவர்கள் அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடித்து மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே தங்கள் படகைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் ஆட்கள், அப்புறம்தான் படகு. சொல்லி முடித்தபோது அந்தப் பையன் தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் படகை மேலே இழுத்து மரத்தில் கட்டினார்.

சிக்னல் இல்லை. ஆனால் கிளம்பும் முன்பே முகாமில் எழுதிக் கொடுத்திருந்தேன், எத்தனை பேர், எந்தத் தீவு, காற்று வந்தால் அங்கேயே இருப்போம், பதற வேண்டாம், இருட்டி ஒரு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் மோட்டார் படகு அனுப்புங்கள் என்று. அந்தத் துண்டுச் சீட்டு அன்று எங்களுக்கு எவ்வளவு நிம்மதி கொடுத்தது என்று சொல்ல முடியாது. யாரும் தேடிப் பதறவில்லை என்று தெரிந்தால்தான் காத்திருக்கத் தைரியம் வரும். கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாடு, தண்ணீர், டார்ச், ஆளுக்கொரு காய்ந்த துணி இருந்தது. ஏழு மணி நேரம் நீளம்தான். தம்பதி தூங்கினார்கள். அக்கா மகனுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். நண்பர் மீட்டிங்கை நினைத்து முகம் வாடி உட்கார்ந்திருந்தார், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் எட்டரைக்குக் கிளம்பாதது என் தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த ஏழு மணி நேரமும் என் அரை மணி நேரச் சலுகைகளால் வந்தவை.

திரும்பும் நேரத்துக்கும் ஒரு எல்லை வைத்தோம். ஐந்தேகாலுக்குள் வெள்ளை அடங்கவில்லை என்றால் இரவு தீவில்தான், இருட்டில் கடப்பதில்லை. நாலரைக்கு மேல் நுரை குறைந்தது, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிழக்கு முனையில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன், ஒரு வெள்ளையும் இல்லை. அப்போதும் நேராகப் போகவில்லை. வடக்கே சாய்ந்து இன்னொரு திட்டு இருந்தது, அதன் மறைவுக்கு முதலில் போய், அங்கே மூச்சு வாங்கி, ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்கு. மொத்தத் தூரம் அரைக் கிலோமீட்டராவது கூடியிருக்கும், ஆனால் ஒரே மூச்சில் திறந்த நீரில் இருந்த தூரம் பாதியாகிவிட்டது. மிச்சமிருந்த அலையைத் தலையில் வாங்காமல் சற்றுச் சாய்வாக வெட்டிப் போனோம், போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் காற்று வரும் பக்கமாகவே குறி வைத்தோம், காற்று தள்ளிக்கொண்டு வந்து சரியான இடத்தில் விட்டது. கரையை ஒட்டியபோது நீருக்குள் பட்ட மரக்குச்சிகள், அதனால் நான் முன்னால் நின்று துடுப்பால் தொட்டுத் தொட்டு வழி காட்டினேன்.

ஆறு மணிக்கு முன்னால் நான்கு படகும் மண்ணைத் தொட்டன. முகாம் அண்ணன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கரையில் நின்றிருந்தார், எட்டுப் பேரையும் எண்ணினார், அப்புறம்தான் பேசினார். வேன் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு, இரவெல்லாம் பயணம் செய்து, திங்கள் விடிந்து யஷ்வந்த்பூர் வந்தபோது நண்பர் மீட்டிங்கைத் தள்ளிப்போடச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தார். இறங்கும்போது அக்கா கேட்டார், "அடுத்த தடவை நான் பின்பக்கம் உட்காரலாமா? படகைத் திருப்பக் கத்துக்கணும்." வரும் ஞாயிறு குளத்தில் அவருக்குத்தான் முதல் வகுப்பு.